கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு

நம் மாவட்டத்தில் சில்லறை மருந்துக்கடை நடத்தும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும், படித்து முடித்துக் கடைகளில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தங்கச்சிகளுக்கும் வணக்கம்.

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சிற்றூர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே 21 வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். சங்கக் கூட்டத்துக்கு வந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்து, டீ வந்ததும் மெல்ல நழுவுகிற ஆள். மேடையில் பேசிப் பழக்கமில்லை, அதனால் எழுதுகிறேன். நம் கடைகளின் முன்வரிசைக்கு வந்துவிட்ட அஸ்வகந்தா கேப்சூல், பிரமி மாத்திரை, தூக்கத்துக்கான கம்மி (மெல்லும் ஜெல்லி) மிட்டாய் இவற்றைப் பற்றித்தான் இந்த மடல். விற்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. நானும் விற்கிறேன். விற்கும்போது நாம் கேட்காமல் விடும் ஒரு கேள்விதான் என் கவலை.

என் தப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

போன வருஷம் ஆடி மாதம். பத்து வருஷமாக என் கடைக்கு வருகிற ஒரு அக்கா, சத்துணவு மையத்தில் வேலை பார்ப்பவர். மாதா மாதம் வீட்டுக்காரரின் சர்க்கரை மாத்திரையும் தன்னுடைய தைராய்டு மாத்திரையும் வாங்கிப் போவார். அன்று எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "தம்பி, மனசு ஒரே திக்குதிக்குன்னு இருக்கு. பொண்ணு கல்யாணம் முடியுற வரைக்கும் ஏதாச்சும் குடேன். இங்கிலீஷ் மருந்து வேணாம், பழகிப்போயிரும். அஸ்வகந்தா நல்லதாமே?"

"நல்லதுதான்க்கா" என்றேன். அவ்வளவுதான் என் ஆலோசனை. அறுபது கேப்சூல் உள்ள டப்பா ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு." பின்னால் நான்கு பேர் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார்கள். இந்த மடலை எழுதுவதற்காக அந்த பில்லைக் கம்ப்யூட்டரில் மறுபடி எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது வரியில் அக்காவின் தைராய்டு மாத்திரை, தைராக்சின் 100 மைக்ரோகிராம். நான்காவது வரியில் அஸ்வகந்தா. ஒன்றன் கீழ் ஒன்றாக, என் கையால் அடித்தது.

ஒரு மாதம் கழித்து இரண்டாவது டப்பா. அதற்கும் இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தார். மீதிச் சில்லறையை வாங்க நீட்டிய கை லேசாக நடுங்கியது. ஆள் இளைத்திருந்தார். மின்விசிறிக்கு நேர் கீழே நின்றும் நெற்றி வியர்த்திருந்தது. "கல்யாண வேலை நெருங்க நெருங்க படபடப்பு கூடிப்போச்சு தம்பி. தூக்கமே இல்ல. இப்ப மூணாப் போட்டுக்கறேன். இதைவிடப் பவரா ஏதும் இருந்தா குடு" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. நெஞ்சு படபடப்பு, கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, எடை குறைவது. இதெல்லாம் பதட்டத்தின் அடையாளம். உடம்பில் தைராய்டு ஹார்மோன் அதிகமானாலும் இதே அடையாளம்தான், வரிக்கு வரி. வெளியிலிருந்து பார்த்து எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. டப்பாவை நிறுத்தச் சொல்லி, டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தச் சோதனை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்க அனுப்பினேன். முந்தைய சோதனையில் 2.8 இருந்தது, இப்போது 0.06. இந்த எண் இப்படி இறங்கினால் ஹார்மோன் கூடிவிட்டது என்று அர்த்தம். தைராக்சின் அளவு மாறவில்லை, கடையில் கொடுத்த கம்பெனியும் மாறவில்லை. புதிதாகச் சேர்ந்தது அந்த டப்பா ஒன்றுதான். நிறுத்திய இரண்டு மாதத்தில் எண் பழைய இடத்துக்கு வந்தது. அஸ்வகந்தாதான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் 2018இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. தைராய்டு லேசாகக் குறைந்திருந்த 50 பேரில் பாதிப் பேருக்குத் தினம் 600 மில்லிகிராம் அஸ்வகந்தா வேர்ச்சாறு 8 வாரம் கொடுத்துப் பார்த்ததில் அவர்களுக்கு டி3, டி4 என்ற தைராய்டு ஹார்மோன்கள் இரண்டுமே ஏறின. குறைவாக இருப்பவருக்கு அது நல்ல செய்தி. ஏற்கெனவே அளவு பார்த்து மாத்திரை போட்டுக்கொண்டிருப்பவருக்கு அப்படி இல்லை.

நம் கடைக்கு வரும் நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் எத்தனை பேர் காலையில் வெறும் வயிற்றில் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையைப் போடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். "மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வருவதும் பெரும்பாலும் அவர்களேதான்.

அமுக்கராவை, அதாவது நம் ஊர்ப் பெயரில் அஸ்வகந்தாவை, குறைசொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் அப்பத்தா அதைப் பாலில் காய்ச்சிக் குடித்தே 88 வயது வரை இருந்தவர் (புகையிலையும் போட்டார், அதை யாரும் சொல்வதில்லை). ஆராய்ச்சியும் இல்லாமல் இல்லை. 2012இல் ஐதராபாத்தில் மன அழுத்தத்தோடு வந்த 64 பேரில் பாதிப் பேருக்கு 300 மில்லிகிராம் வேர்ச்சாறு தினம் இரண்டு வேளை, 60 நாள் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு வெறும் கேப்சூல். உண்மையான கேப்சூல் சாப்பிட்டவர்களுக்கு அழுத்தம் நன்றாகக் குறைந்தது. 2022இல் உலக அளவிலான உளமருத்துவ நிபுணர் குழு ஒன்று, பதட்டத்துக்கு 300 முதல் 600 மில்லிகிராம் வரை அஸ்வகந்தா வேர்ச்சாற்றைத் தற்காலிகமாக, அதாவது இன்னும் ஆதாரம் வரும் வரைக்கும், பரிந்துரைக்கலாம் என்றது. "தற்காலிகமாக" என்ற சொல்லை டப்பாவில் யாரும் அச்சடிக்க மாட்டார்கள். ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு, மூன்று மாதத்தோடு முடிந்துவிடுகின்றன. நம்மிடம் வருஷக்கணக்காக வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதில் வேடிக்கை, நம் நாட்டு வைத்தியத்துக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் எப்போதோ தெரியும். சித்த வைத்தியர் அமுக்கராக் கிழங்கை அப்படியே இடித்துக் கொடுப்பதில்லை. பாலாவியில் பிட்டவியலாக அவித்து, காயவைத்து, அப்புறம்தான் சூரணம். அதைப் பாலிலா, நெய்யிலா, தேனிலா என்று அனுபானம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு மண்டலம் என்று 48 நாள் கணக்கு வைத்து, முடிந்ததும் மறுபடி நாடி பார்ப்பார். நாம் அவரிடமிருந்து கிழங்கை மட்டும் எடுத்துக்கொண்டோம். சுத்தி செய்வது, அனுபானம், நாள் கணக்கு, ஆளைப் பார்ப்பது எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு, மாம்பழ வாசனை சேர்த்துக் கம்மி மிட்டாயாக விற்கிறோம்.

சூரணத்துக்கும் கேப்சூலுக்கும் உள்ள தூரத்தையும் பேசியாக வேண்டும். அமுக்கராப் பொடியை 3 கிராம் முதல் 6 கிராம் வரை கொடுப்பது வழக்கம். கேப்சூலில் இருப்பது பொடி அல்ல, சாறு இறக்கிச் செறிவாக்கியது. வெறும் கிழங்கில் விதனோலைடு என்ற சத்து பெரும்பாலும் 1 சதவீதம்கூட இருக்காது. கேப்சூலில் 1.5 சதவீதமும் உண்டு, 5 சதவீதமும் உண்டு, 35 சதவீதமும் உண்டு. வாடிக்கையாளர் பார்ப்பது முன்பக்கத்தில் இருக்கும் மில்லிகிராமை மட்டும்தான். "இது 500, அது 125தான், 500ஐயே குடுங்க" என்பார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.5 சதவீதத்தில் 500 மில்லிகிராம் என்றால் உள்ளே 7.5 மில்லிகிராம். 35 சதவீதத்தில் 125 மில்லிகிராம் என்றால் ஏறத்தாழ 44. சின்ன எண் போட்ட டப்பாதான் ஆறு மடங்கு வலுவானது. வேரா இலையா என்பதையும் படித்துப் பார்க்க வேண்டும். இலையில் விதஃபெரின் என்ற கடுமையான பொருள் அதிகம். அஸ்வகந்தா இலையைப் பயன்படுத்துவதைத் தவிர்க்கும்படி ஆயுஷ் அமைச்சகம் 2021இலேயே தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டது. பாகத்தின் பெயரே போடாத டப்பாவை நான் இப்போது ஸ்டாக் எடுப்பதில்லை. "பதினோரு மூலிகைக் கலவை, 800 மி.கி" என்று மொத்தமாகப் போட்டுவிட்டு எது எவ்வளவு என்று சொல்லாததையும் எடுப்பதில்லை. மருந்துக் கம்பெனி ரெப் தம்பிக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம்.

பல கேப்சூல்களில் பைப்பரின் 5 மில்லிகிராம் என்று கடைசியில் சின்னதாகப் போட்டிருக்கும். மிளகுச் சத்து, நல்லதுதானே என்று தாண்டிப் போய்விடுவோம். அது எதற்கு இருக்கிறது? சேர்ந்திருக்கும் மூலிகை உடம்பில் நன்றாக ஏறட்டும் என்பதற்காக. மூலிகையை மட்டும் ஏற்றிவிட்டு மற்றதை விட்டுவிடு என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. வலிப்புக்குச் சாப்பிடும் ஃபெனிட்டாயினையும், படபடப்புக்கு டாக்டர் எழுதும் புரோப்ரனலாலையும் அதே பைப்பரின் ரத்தத்தில் கூடுதலாக ஏற்றுகிறது.

சரி, தைராய்டு மட்டும்தானா என்றால் இல்லை. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் அஸ்வகந்தா சற்று இறக்கும். மாத்திரையோடு சேர்ந்தால் சிலருக்குத் தலைசுற்றல், தாழ்சர்க்கரை. கர்ப்பிணிக்குக் கூடாது. பால் கொடுக்கும் தாய்க்கும் வேண்டாம். சிறுநீரகம் மாற்றியவர்கள், முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் தொடக் கூடாது. அறுவை சிகிச்சை நாள் குறித்திருந்தால் இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்திவிட்டு மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கல்லீரல் விஷயம் அபூர்வம்தான், ஆனால் கேலியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2020இல் ஐஸ்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் சேர்ந்து, அஸ்வகந்தா சாப்பிட்ட 5 பேருக்குக் கல்லீரல் பாதித்ததை வெளியிட்டார்கள். ஆரம்பித்த 2 முதல் 12 வாரத்துக்குள் காமாலை, தாங்க முடியாத அரிப்பு. நிறுத்திய பிறகு எல்லோரும் தேறினார்கள். கேரளத்திலிருந்து 2023இல் வந்த அறிக்கை இதைவிடக் கவலை தருவது. ஏற்கெனவே கல்லீரல் நோய் இருந்தவர்களில் சிலர் பிழைக்கவில்லை. அதே 2023இல் டென்மார்க் அஸ்வகந்தாவையே தடை செய்தது. அது நமக்குப் பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. நூறு பேருக்கு உதவுகிற ஒன்றை எடுத்துக் குப்பையில் போடச் சொல்வது சரியில்லை. ஆனால் குடிப்பழக்கத்தால் கல்லீரல் கெட்டு, அதனால் தூக்கமும் கெட்டு, "நரம்புத் தளர்ச்சிக்கு நல்லதா ஒண்ணு" என்று கேட்டு வருகிறவர் நம் ஊரில் தினம் வருகிறார். அவருக்கு எடுத்துக் கொடுக்கும் கை ஒரு நிமிஷம் நிற்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரமி என்றால் சில கம்பெனியில் வல்லாரை, சிலதில் நீர்ப்பிரமி. இரண்டும் வெவ்வேறு செடி. பரீட்சைப் பயத்துக்கு என்று நீட் படிக்கும் பிள்ளைகளுக்கு வாங்கிப் போகிறார்கள். நீர்ப்பிரமி வெறும் வயிற்றில் போனால் வயிற்றுப்பிடிப்பும் பேதியும் வரும், அதுவும் பரீட்சை அன்று வரும். சாப்பிட்ட பிறகு என்று சொல்லுங்கள். வல்லாரைத் துவையல் கேட்கிற பிள்ளைக்கு அம்மாவே போதும். சீமைச் சாமந்தி (கெமோமில்) டீ சாதுவானதுதான், ஆனால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவர் தினம் குடித்தால் டாக்டருக்குத் தெரிய வேண்டும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற வெளிநாட்டு மூலிகையை ஆன்லைனில் வாங்கி வந்து "இது எப்படிண்ணே" என்று காட்டுகிறவர்கள் உண்டு. இருப்பதிலேயே வில்லங்கமானது அதுதான். கருத்தடை மாத்திரை முதல் மாற்றுச் சிறுநீரகத்துக்கான மாத்திரை வரை பலவற்றை வேலை செய்யவிடாமல் அடித்துவிடும். மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் வேறு விதமான ஆபத்து. "உங்க டாக்டர்கிட்ட காட்டாம தொடாதீங்க" என்று ஒரே பதில்தான்.

இதையெல்லாம் விட நான் பயப்படுவது வேறொன்றுக்கு. மூலிகையை வாங்கிய கையோடு பழைய மாத்திரையைத் தானாக நிறுத்துகிறவர்கள். இரண்டு வருஷமாக ராத்திரியில் பதட்டத்துக்கான குளோனசெபம் மாத்திரை போடுகிறவர், யாரோ வீடியோவில் சொன்னதைக் கேட்டு, "இனிமே இயற்கைக்கு மாறிட்டேன்" என்று ஒரே நாளில் விட்டுவிடுகிறார். மூன்றாம் நாள் பதட்டம் பத்து மடங்காகத் திரும்புகிறது. சிலருக்கு வலிப்பே வரும். அஸ்வகந்தா எந்தத் தப்பும் செய்யவில்லை, பழி மட்டும் அதன் மேல். அந்தக் குடும்பத்துக்கு அதற்குப் பிறகு ஆங்கில மருத்துவத்திலும் நம்பிக்கை இல்லை, நாட்டு மருந்திலும் இல்லை. இன்னொரு வகையினர் இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்கள். பதட்டத்துக்கான அல்பிரசோலம் மாத்திரையும் போட்டு, தூக்கத்துக்கான மூலிகையும் போட்டு, ராத்திரி இரண்டு மணிக்குக் கழிவறைக்கு எழுந்து போகும் எழுபது வயதுக்காரர். இடுப்பெலும்பு முறிந்த கதைகள் உங்கள் தெருவிலும் இருக்கும். மாத்திரைதான் காரணம் என்று எந்த வீட்டிலும் சொல்ல மாட்டார்கள், ஈரத்தரை வழுக்கியது என்பார்கள்.

மூலிகை என்ற பெயரில் உள்ளே ரசாயனம் வைத்ததும் உண்டு. 1998இல் அமெரிக்காவில் 'ஸ்லீப்பிங் புத்தா' என்று மூலிகைத் தூக்க மாத்திரை ஒன்று விற்றது. பரிசோதித்ததில் எஸ்டசோலம் இருந்தது, அதாவது நம் அல்பிரசோலத்தின் பங்காளி. எந்த மூலிகையாவது போட்ட அரைமணியில் ஆளைச் சாய்த்தால், அதைப் பாராட்டுவதற்கு முன் சந்தேகப்படுங்கள்.

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் எச்1 அட்டவணையில் அல்பிரசோலம் வந்த பிறகு என்ன செய்கிறோம்? டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் பதிவேட்டில் எழுதி, மூன்று வருஷம் வைத்திருக்கிறோம். ஆய்வாளர் வந்தால் முதலில் அந்த நோட்டைத்தான் கேட்பார். அதே பதட்டத்துக்கு வருகிறவர் அஸ்வகந்தா கேட்டால் என்ன பதிகிறோம்? ஜிபே வந்ததா என்று மட்டும் பார்க்கிறோம். சீட்டு வேண்டாம், பதிவேடு வேண்டாம். ஆயுர்வேத, சித்த மருந்துகளை விற்கத் தனி விற்பனை உரிமமும் தேவையில்லை. ஒரே கிழங்கு ஒரு டப்பாவில் ஆயுஷ் உரிமத்தோடு மருந்தாக வருகிறது, பக்கத்து டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண்ணோடு உணவாக வருகிறது. உணவாக வருவதில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும், சட்டம் அப்படிச் சொல்கிறது. அதைத்தான் நாம் மனப்பதட்டத்துக்கு எடுத்துக் கொடுக்கிறோம். பக்கவிளைவும், எந்த மருந்தோடு சேரக் கூடாது என்பதும் தெரிந்திருந்தால் லேபிளில் போட வேண்டும் என்றும் 2016ஆம் வருஷ ஒழுங்குமுறை கேட்கிறது. பெரும்பாலான டப்பாவில் நான் பார்ப்பது, "ஏதேனும் நோய்க்குச் சிகிச்சையில் இருந்தால் மருத்துவரை அணுகவும்" என்று எறும்பு எழுத்தில் ஒரு ஆங்கில வரி. என் கடைக்கு வருகிறவர்களில் அந்த எழுத்தைப் படிக்கக் கூடிய கண் யாருக்கும் இல்லை, கண்ணாடி போட்ட எனக்கும் சேர்த்துத்தான். அந்த வரியைத் தமிழில், சத்தமாக, முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூடிய ஒரே இடம் நம் கவுன்டர்தான்.

கேள்வி ஒன்றே ஒன்று: "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். கேட்டால் ஆள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார், ஆன்லைனில் வாங்கிக்கொள்வார் என்பீர்கள். விலைக் கட்டுப்பாட்டில் வரும் மாத்திரையில் நமக்கு நிற்பது 16 சதவீதம். சப்ளிமென்டில் நிற்பது எவ்வளவு, அதன் மேல் பத்து வாங்கினால் இரண்டு இலவசம் என்ற ஸ்கீமில் வருவது எவ்வளவு என்பதை நான் எழுத வேண்டியதில்லை. வாடகையும் கரன்ட் பில்லும் அதில்தான் ஓடுகிறது என்பதும் உண்மை. எனக்கும் அப்படித்தான்.

ஆனால் அக்கா விஷயத்துக்குப் பிறகு இந்தப் பத்து மாதமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. பாதிப் பேர் பையைத் திறந்து ஸ்ட்ரிப்புகளை எடுத்துக் காட்டுகிறார்கள். சிலர் அதற்குத்தான் காத்திருந்ததுபோல் பேச ஆரம்பிக்கிறார்கள். ஒரு கல்லூரிப் பையன், "வேற மாத்திரை எதுவும் இல்லண்ணே" என்றவன், நான் சும்மா, "காபி எத்தனை?" என்று கேட்டதும் விரலை மடக்கி ஏழு வரை எண்ணிவிட்டு அவனே சிரித்தான். எனர்ஜி டிரிங்க் தனிக் கணக்கு. அவனுக்கு அன்று எதுவும் விற்கவில்லை. எனக்கு நஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். இப்போது அவன் வீட்டு மாத்திரை மொத்தமும் என் கடையில்தான் வாங்குகிறார்கள், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அவர்கள் ஏன் நம்மிடம் வருகிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். மனநல மருத்துவர் வாசலில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் பெண்ணுக்கு வரன் தட்டிப் போகும் என்று பயம். "பைத்தியக்கார மாத்திரை" என்ற சொல் இன்னும் செத்துப் போகவில்லை. மூலிகை டப்பாவுக்கு அந்தக் களங்கம் இல்லை. அதனால் அது பலருக்கு முதல் படி. அந்தப் படியில் நிற்பவரிடம், "இதெல்லாம் வேஸ்ட், டாக்டரைப் பாருங்க" என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னால் அடுத்த படிக்குப் போக மாட்டார். கொடுக்கலாம் என்று தோன்றினால் கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மூலிகை, குறைந்த அளவு, டப்பா மேல் தொடங்கிய தேதியைப் பேனாவால் எழுதி. நான் மூடியின் மேலேயே எழுதிக் கொடுக்கிறேன். எட்டு வாரம் கழித்து என்ன என்று பேசலாம் என்கிறேன். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, உடம்பு அரித்தாலோ, படபடப்பு குறையாமல் கூடினாலோ அன்றே நிறுத்திவிட்டு வரச் சொல்கிறேன். வேலைக்குப் போக முடியவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிர் வாழவே பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் அங்கே மூலிகைக்கு வேலை இல்லை. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது, யாரும் வாசலில் பார்க்கப் போவதும் இல்லை. நெஞ்சுவலி இடது கைக்கு இறங்கினால் பதட்டம்தான் என்று நாமே முடிவு கட்ட வேண்டாம், 108.

தப்பாக ஏதாவது நடந்தால் பதியவும் செய்ய வேண்டும். மருந்துப் பக்கவிளைவைச் சொல்ல 1800 180 3024 இருக்கிறது, டாக்டர்தான் கூப்பிட வேண்டும் என்று இல்லை, நாமும் கூப்பிடலாம். சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கான கண்காணிப்பில் தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் ஒரு மையம். அக்காவின் கதையை நான் அனுப்பினேன், மூன்று மாதம் தள்ளிப்போட்ட பிறகு. என் 21 வருஷத்தில் நான் அனுப்பிய முதல் படிவம் அது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சங்கத்திடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு அட்டை. ஏ4 அளவில், தமிழில், கவுன்டர் கண்ணாடிக்கு அடியில் வைப்பதுபோல. வாங்குகிறவர் பக்கம் பார்த்தபடி: "மூலிகை மாத்திரை வாங்குகிறீர்களா? தைராய்டு, சர்க்கரை, பிரஷர், தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை சாப்பிட்டால் எங்களிடம் சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தாலும், பால் கொடுத்தாலும், கல்லீரல் கோளாறு இருந்தாலும் சொல்லுங்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்." நம் பக்கம் பார்த்தபடி பின்னால் அந்த ஒரு கேள்வியும் மூன்று தொலைபேசி எண்களும். கம்பெனி விளம்பரம் எதுவும் அதில் வேண்டாம். அச்சுக் கூலியை நம் மாதச் சந்தாவிலிருந்தே எடுக்கலாம். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு எக்ஸ்பைரி பார்க்கச் சொல்லிக்கொடுக்கும் அன்றே இதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அக்கா பெண்ணின் கல்யாணம் தையில் நல்லபடியாக முடிந்தது. பத்திரிகை வைக்க வந்தபோது, "இப்ப மனசு எப்படிக்கா?" என்றேன். "உன் டப்பாவை நிறுத்துனதுல இருந்து பரவாயில்ல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அட்டையின் மாதிரி ஒன்றை என் மகள் கம்ப்யூட்டரில் அடித்து வைத்திருக்கிறாள். அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வருகிறேன். எழுத்து சின்னதாக இருந்தாலோ, ஏதாவது விட்டுப்போயிருந்தாலோ அங்கேயே திருத்துங்கள். இந்தத் தடவை டீ வந்தாலும் எழுந்து போக மாட்டேன்.

அன்புடன்,
பேருந்து நிலைய எதிர்க்கடைக்காரன்